ஆறு சிவப்புப் பொட்டுகள்

ஜனவரி இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிஷம். பனி விலகி மெல்லிய வெயில் வந்திருந்தது. விடுமுறை என்பதால் தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கமிருந்து வழக்கமாக வரும் ரப்பர் வேகும் நாற்றம் இல்லை. சமையலறையிலிருந்து மீன் குழம்பு கொதிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது.

வருஷம் வேண்டாம். எழுபதுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தைப் போட்டால் அன்றைக்கு ஞாயிறுதானா என்று பழைய காலண்டரைப் பார்த்து யாராவது கடிதம் போடுகிறார்கள். போன மாதம் இரண்டு பேர் போட்டார்கள்.

அம்பத்தூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறை. கோரைப்பாயில் மூன்று பேர். நான். என் அக்கா சரோஜாவின் கணவர் ஏகாம்பரம் மாமா. அக்காவோடு சாப்பாட்டுக்கு வந்திருந்தார். மூன்றாவது ஆள் பூந்தமல்லி தையல்காரர் மஸ்தான். அவர் மடியில் என்னுடைய எலெக்ட்ரிக் கிட்டார்.

என்னுடையது என்று எழுதிவிட்டேன். ஐந்து நிமிஷம் முன்புவரைதான் என்னுடையது. மஸ்தான் முந்நூறு ரூபாயை எண்ணிக் கொடுத்திருந்தார். நான் இரண்டு முறை எண்ணிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

அவர் கிட்டாரைச் சாய்த்து, தந்திகள் வந்து உட்காரும் பித்தளைத் துண்டை உற்றுப் பார்த்தார். அதன் பின்பக்கம் வரிசையாக ஆறு திருகுகள். ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு சிவப்புப் பொட்டு.

"இன்னா சார் இது, வூட்டுல நகத்துக்கு வச்சிட்டு மிச்சத்த இங்க வச்சிட்டாங்களா?"

கேட்டுக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் முதல் பொட்டைச் சுரண்டினார். சிவப்புத் தூள் அவர் கைலியில் விழுந்தது.

"அதத் தொடாதீங்க, சீல் வச்சது" என்று கையை நீட்டிவிட்டேன், விற்றுவிட்ட பொருளின் மேல். சுவரில் சாய்ந்திருந்த மாமா அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஏழு வருஷம் நான் தொடாமல் காத்த பொட்டு அது. ஏன் தொடவில்லை என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

குதிரை

அந்தக் கிட்டாரை மூர் மார்க்கெட்டில் முந்நூற்று எண்பது ரூபாய்க்கு வாங்கினேன். பழசு. கல்கத்தாவில் செய்தது என்று கடைக்காரன் சொன்னான். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. கிட்டத்தட்ட இரண்டு மாதச் சம்பளம். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், அது சத்தமே போடவில்லையே, ஏமாந்துவிட்டாயா என்று கேட்டாள். எலெக்ட்ரிக் கிட்டாரின் உடம்பு திடமான பலகை. கரண்ட் இல்லாமல் அது கொசு மாதிரிதான் பாடும். ரேடியோவின் பின்னால் இருக்கும் இரண்டு ஓட்டைகளில் வயரைச் செருகிக் காட்டிய பிறகுதான் அவளுக்கு மனது ஆறியது.

ஆவடி குவார்ட்டர்ஸில் பாலராமன் சார் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். அவர் அக்கார்டியன் வாசிப்பார். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, தொழிலாளர் சங்க ஆண்டு விழா என்று மாதம் நான்கைந்து கச்சேரி வரும். என்னைச் சேர்த்துக்கொண்டார். பாட்டுக்கு முன்னாலும் நடுவிலும் வரும் கிட்டார் துண்டுகளை நான்தான் வாசித்தேன். கழுத்தின் மேல் கோடியில், உச்ச ஸ்தாயியில், விரல் ஓடும்போது முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்க்கும். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அதைவிடப் பெரிதாக எதையும் நான் விரும்பியதில்லை. இன்றும் எண்ணிப் பார்க்கிறேன், அப்புறமும் விரும்பியதில்லை.

வியர்வைதான் கெடுத்தது. என் உள்ளங்கையில் வியர்வை அதிகம். கிட்டாரில் தந்தி ஏறி உட்காரும் பாகத்தை, வயலின்காரர்கள் சொல்வதைப் போல, நாங்களும் குதிரை என்போம். பழைய குதிரை ஏதோ ஈயக் கலப்பில் வார்த்தது. ஒன்றரை வருஷ வியர்வையில் அரித்து, ஓர் ஐப்பசி மாதக் கச்சேரிக்கு நடுவில் இரண்டாக வெடித்தது. ஆறு தந்திகளும் ஒரே சமயத்தில் தளர்ந்து தொங்கின. தபேலாக்காரர் எட்டு நிமிஷம் தனியாக வாசித்துச் சமாளித்தார்.

மாற்றுக் குதிரை எங்கும் கிடைக்கவில்லை. மவுண்ட் ரோடில் இசைக்கருவிக் கடைகள் எல்லாவற்றிலும் கேட்டேன். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்று வெகுகாலமாகிறது என்றார்கள். ஒருவர், வீணைக் குதிரையை வைத்துப் பாருங்களேன் என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் அக்கா, நான் கேட்காமலே, மாமாவிடம் சொல்லியிருக்கிறாள்: தம்பிக்கு ஒரு குதிரை வேண்டுமாம். மாமா அரை நாள், இவனுக்கு எதற்குக் குதிரை, ரேஸ் பழக்கம் ஏதாவது வந்துவிட்டதா என்று கவலைப்பட்டாராம்.

எண்ணெய்க் கை

மாமாவுக்குச் சொந்த ஊர் சென்னீர்குப்பம். ஆவடியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபிட்டர். ஒரு இரும்புத் துண்டைக் கையில் வாங்கினால் முதலில் அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பார். பேச்சு குறைவு. வீட்டுக்கு வந்தால் நடக்கும்போதே பார்வை ஜன்னல் கொக்கி, கதவுத் தாழ்ப்பாள் என்று போகும். போகும் முன் எதையாவது சரிசெய்துவிட்டுப் போவார்.

தலை தீபாவளிக்கு அவர் வந்தபோது ஒரு காரியம் நடந்தது. இலை போட்டிருந்தது. அவர் கையலம்பிக்கொண்டு வந்து உட்காரும்போது என் சித்தப்பா, வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நல்லா அலம்புனீங்களா மாப்ள? அந்த மெஷின் எண்ணெ லேசுல போவாதே."

மாமா சிரித்தார். எழுந்து போய் இன்னொரு முறை கையலம்பிக்கொண்டு வந்தார். சாப்பிட்டார். அன்று சாயங்காலம் அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவர், பதினான்கு மாதம் எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை. அக்காவை மட்டும் அனுப்புவார். அவள் வந்து அம்மா மடியில் தலைவைத்து அழுதுவிட்டுப் போவாள்.

இதை எழுதும்போதே கோபம் வருகிறது. சித்தப்பாவின் மேல்தான். மனிதர் போய் முப்பது வருஷமாகிறது. இனி கோபித்து என்ன.

ஆகையால் குதிரை செய்து தருகிறேன் என்று மாமா சொல்லியனுப்பியது எங்கள் வீட்டில் ஒரு கிட்டார் சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கவில்லை. மாப்பிள்ளை மறுபடி வீட்டுக்கு வரப்போகிறார் என்பதுதான் விஷயம். அம்மா அன்றே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: "அவரு எதக் கொண்டாந்து குடுத்தாலும் ரெண்டு கையால வாங்கிக்க. நொள்ள நொட்ட சொன்னியோ, உங்க அக்கா வாழ்க்கைய நீயே கெடுத்த மாதிரி."

நான் தலையாட்டினேன்.

"மிச்சம் உன் கையில"

மாமா ஒரு சனிக்கிழமை ஆள் அனுப்பிக் கிட்டாரை வாங்கிக்கொண்டார். சென்னீர்குப்பத்தில் அவருடைய நண்பர் ஒருவர் சிறிய லேத் பட்டறை வைத்திருந்தார். வேலை முடிந்த சாயங்காலங்களில் அங்கே போய் நின்று செய்திருக்கிறார். ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை பாலராமன் சார் கிட்டார் இல்லாமலே கச்சேரிகளை ஓட்டினார். என் இடம் போய்விடுமோ என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே எடுத்துக்கொண்டு வந்தார். பதினான்கு மாதத்துக்குப் பிறகு. கிட்டாரைப் பழைய போர்வையில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்து, பஸ்ஸில் வந்திருக்கிறார். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரும் சாலை அந்த நாளில் எப்படி இருந்தது என்று அதில் போனவர்களுக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறும்போது மூடியிருந்த எந்த டப்பாவும் இறங்கும்போது மூடியிருக்காது.

போர்வையைப் பிரித்தார். எங்கள் வீட்டில் அவ்வளவு பளபளப்பான பித்தளையை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அம்மா குத்துவிளக்கைத் திரும்பிப் பார்த்தாள். அடியில் ஒரு தகடு; பின் ஓரம் மேலே மடித்துவிட்டது. தகட்டின் மேல் ஆறு சின்னப் பித்தளைக் கட்டைகள், தந்திக்கு ஒன்றாக. ஒவ்வொன்றின் தலையிலும் தந்தி உட்காரச் சின்னக் காடி. கட்டையை ஏற்றி இறக்க மேலே பொடித் திருகுகள். மடித்த ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நீளத் திருகு.

அந்த நீளத் திருகுகளின் தலையில்தான் சிவப்புப் பொட்டு.

ஆறு கட்டைகளும் அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய்கள் மாதிரி ஒரே கோட்டில் நின்றன. பழைய குதிரை சாய்வாக உட்கார்ந்திருந்தது. கல்கத்தாக்காரன் அவசரத்தில் கோணலாக அடித்துவிட்டான் என்று நானும் மாமாவும் தனித்தனியே தீர்மானித்திருந்தோம். இது நேர்.

மாமா சொன்னார்: "எல்லாத்தையும் நேரா வச்சி குட்த்துட்டேன் மச்சான். மிச்சம் உன் கையிலதான் கீது."

என் வாசிப்பை வாழ்த்துகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அம்மா சொன்னபடி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

சிவப்புப் பொட்டைப் பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? எங்கள் ஸ்டோர்ஸில் நாள் முழுக்க அதைத்தான் பார்க்கிறேன். இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு சாமானை அளந்து, திருகைச் சரியான இடத்தில் நிறுத்தி, தலையில் ஒரு பொட்டுப் பெயிண்ட் வைப்பார்கள். இனி இதை யாரும் அசைக்கக் கூடாது என்று அர்த்தம். பொட்டு உடைந்திருந்தால் மெமோ. ஒருமுறை பொட்டு உடைந்த, அளவு பார்க்கும் கேஜ் ஒன்றை நான் கவனிக்காமல் உள்ளே எடுத்துவிட்டு, அரை நாள் மேனேஜர் அறை வாசலில் நின்றிருக்கிறேன். அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொழிற்சாலைக்குப் போகும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சிவப்புப் பொட்டு வைத்த திருகு, தொடாத திருகு.

மேலே போகாதே

முதல் கச்சேரி வானகரத்தில், தை மாதம் பொங்கல் விழா. தந்திகளை அக்கார்டியனோடு சேர்த்து வைத்தேன். ஆறும் அச்சாகச் சேர்ந்தன. தந்தி கழுத்துக் கம்பிகளில் உரசி அதிராமலிருக்க மேல் திருகுகளை ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொண்டேன். அவற்றில் பொட்டு இல்லை. ஆகவே உரிமையோடு தொட்டேன்.

கீழே வாசிக்கும்வரை தேனாக இருந்தது. மூன்றாவது பாட்டில் மேல் கோடிக்குப் போனேன். என் காதே கூசியது. தந்தி சேர்ந்துதான் இருக்கிறது. விரல் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் வருகிற ஒலி கொஞ்சம் தூக்கலாக, அக்கார்டியனோடு ஒட்டாமல், புளித்துப் போய் வருகிறது. புல்லாங்குழல்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். முன்வரிசையில் எழுந்து நின்ற பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள்.

பாலராமன் சார் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு கச்சேரிகளிலும் அப்படியே ஆனபிறகு ஆவடியில் ஒத்திகை முடிந்து எல்லோரும் போனதும் கூப்பிட்டார். விரல் அழுத்தம் அதிகமாகிவிட்டது, இடைவெளி விழுந்ததில் கை கெட்டுவிட்டது என்றார். நல்ல மனிதர். மெதுவாகத்தான் சொன்னார்:

"கொஞ்ச நாளைக்கு மேல போவாதப்பா. கீழயே இரு."

மூன்று மாதம் இரவும் பகலும் சாதகம் செய்தேன். அழுத்தத்தைக் குறைத்தேன், கூட்டினேன். நகத்தை ஒட்ட வெட்டினேன். விரல் நுனியில் தோல் உரிந்து, அதன் மேல் தோல் காய்த்தது. ஸ்டோர்ஸிலிருந்து எஃகு ஸ்கேலைக் கொண்டுவந்து குதிரையை அளந்தும் பார்த்தேன். ஆறு கட்டைகளும் ஒரு மயிரிழை பிசகாமல் நேராக நின்றன. குதிரையில் குற்றமில்லை, கையில்தான் குற்றம் என்று முடிவு செய்தேன். நேராக நிற்பதே குற்றமாக இருக்கலாம் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

மாமா அவ்வப்போது விசாரிப்பார், குதிரை எப்படி இருக்கிறது என்று. ஜம்மென்று இருக்கிறது மாமா என்பேன். பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருப்பாள்.

கொஞ்ச நாளைக்கு என்று பாலராமன் சார் சொன்னது நீண்டுகொண்டே போயிற்று. மூன்றாவது ஃப்ரெட்டைத் தாண்டாமல், பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி நான் பின்னாலிருந்து தட்டிக்கொண்டிருந்தேன். ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி. என் கிட்டாரில் இருபத்தொரு ஃப்ரெட். பதினெட்டு சும்மா கிடந்தன.

டேவிட்டின் விரல்

மேலே வாசிக்கப் பெரம்பூரிலிருந்து டேவிட் வந்தார். ரயில்வேயில் வேலை. சொந்தக் கிட்டார், அப்பா கப்பலில் கொண்டுவந்து கொடுத்தது. எனக்கு அவர் மேல் பொறாமை இருந்தது. இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை.

ஒரு நாள் ஒத்திகையில் டீ குடிக்கும்போது அவர் என் கிட்டாரைக் கையில் எடுத்தார். பித்தளையைப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். எங்கள் மாமா என்றேன். கொஞ்சம் விறைப்பாகத்தான் சொல்லியிருப்பேன். மேலே ஒரு தந்தியைத் தொட்டு வாசித்தார். தலையைச் சாய்த்தார். அவருடைய ஆள்காட்டி விரல் பின்பக்கம் போய் ஒரு சிவப்புப் பொட்டின் மேல் நின்றது.

"அதெல்லாம் அளந்து சீல் வச்சது" என்றேன்.

டேவிட் விரலை எடுத்துக்கொண்டார். நல்ல வேலைப்பாடு என்று சொல்லிக் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தார். இன்னொருவர் வீட்டு மாமாவின் வேலையில் குறை சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை போலிருக்கிறது. அல்லது தன் இடத்தை யோசித்தாரோ என்னவோ. அப்படி நினைப்பது பாவம். ஆனாலும் சில ராத்திரிகளில் நினைத்திருக்கிறேன்.

பிறகு பாலராமன் சாருக்குக் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் வாசிக்க இடம் கிடைத்தது. கிட்டாருக்கும் ஓர் ஆள் வேண்டும், உங்கள் ஆளையே கூட்டி வாருங்கள் என்றார்களாம். ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இதை என்னிடம் சொன்னார். டேவிட்டைக் கூட்டிப்போகிறேன் என்றும் அங்கேயே சொன்னார். ரயில் வரும்வரை என் தோளில் கை வைத்திருந்தார்.

குழு கலைந்தது. கிட்டார் மூலையில் நின்றது. இரண்டாவது குழந்தை தவழ ஆரம்பித்துத் தந்தியைப் பிடித்து இழுத்ததும், அதை வைத்துக்கொண்டு இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. மஸ்தானுக்குச் சொல்லியனுப்பினேன். கல்யாணங்களில் வாசிப்பவர், பழைய கிட்டார் தேடுகிறார் என்று எஸ்டேட்டில் ஒருவர் சொல்லியிருந்தார்.

மறுபடி அந்த ஞாயிறு

முந்நூற்று ஐம்பது சொன்னேன். மஸ்தான் வயரை ரேடியோவில் செருகி, கீழே வாசித்து, மேலே போனார். முகத்தைச் சுளித்தார்.

"மேல போனா அழுவுது சார். முன்னூறு வச்சிக்கோங்க."

அழுவது என் கையில் மட்டுமில்லை என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பேரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவர் செய்த சாமானைப் பற்றிப் பேச்சு வளரக் கூடாது என்று முந்நூறுக்கே ஒப்புக்கொண்டேன்.

பணம் கை மாறிய பிறகுதான் அவர் பொட்டைச் சுரண்டியது. நான் கை நீட்டி, தொடாதீர்கள், சீல் வைத்தது என்றேன்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று எழுதினேன் அல்லவா. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சீலா?"

"நீங்க வச்சதுதானே மாமா. சிவப்பு."

"பஸ்ல ஆட்டத்துல லூசாவக் கூடாதுன்னு ஒரு பொட்டு வச்சேன் மச்சான். அவ்ளோதான்" என்றார் மாமா.

மஸ்தான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு திருப்புளி கேட்டார். மாமாவே எழுந்துபோய், எங்கள் வீட்டுத் தையல் மெஷின் டிராயரிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார்.

அடுத்த பத்து நிமிஷம் நான் பார்த்ததை உங்களுக்குச் சொல்கிறேன். மஸ்தான் தடித்த தந்தியைக் கழுத்தின் பாதியில், பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே, அழுத்தாமல் பூப்போலத் தொட்டு மீட்டினார். மணி மாதிரி ஒரு சுருதி. பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டினார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். அழுத்தியது தூக்கலாக இருந்தது. பொட்டைச் சுரண்டிவிட்டு, பின் திருகை வலப்பக்கம் நாலு சுற்றுச் சுற்றினார். பித்தளைக் கட்டை ஒரு நெல் அகலம் பின்னால் நகர்ந்தது. தந்தியை மறுபடி சுருதி சேர்த்தார். தொட்டார், அழுத்தினார். இன்னும் அரைச் சுற்று. தொட்டார், அழுத்தினார். இரண்டும் ஒன்று.

தந்தி தடிமனுக்குத் தக்கபடி ஒவ்வொன்றுக்கும் நீளம் கொஞ்சம் மாறும், பேண்ட்டுக்குக் கால் அளவு எடுப்பது போலத்தான் சார் என்றார். பழைய குதிரை கோணலாக உட்கார்ந்திருந்தது இதற்காகத்தான்.

ஆறு திருகும் முடிந்தபோது கட்டைகள் ஒன்று முன்னே, ஒன்று பின்னே, பல் வரிசை தப்பிய வாய் மாதிரி இருந்தன. மஸ்தான் மேல் கோடிக்குப் போனார். பழைய டூயட் மெட்டு ஒன்று. எங்கள் ரேடியோவின் ஓட்டை ஸ்பீக்கரில் அது நிறைந்து வந்தது. அக்கா கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள்.

எனக்கு நன்றாக வாசிக்க வருமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழி ஏழு வருஷம் என் வீட்டு மூலையிலேயே, ஆறு பொட்டுப் பெயிண்டுக்கு அடியில் இருந்தது.

மஸ்தான் வாசிப்பதை நிறுத்தி, உள்பையிலிருந்து ஐம்பது ரூபாய் எடுத்தார். "அழுவுதுன்னு சொல்லி கொறச்சேன். இப்ப அழுவல. மனசு கேக்கல சார்" என்று நீட்டினார்.

நான் வாங்கவில்லை. வாங்கினால் அது மாமா செய்த குதிரைக்கு விலை ஆகிவிடும் என்று தோன்றியது. கிட்டாரைத் திருப்பிக் கொடுங்கள், முந்நூறை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கலாம். மனிதர் கொடுத்திருப்பார். நாக்கு நுனிவரை வந்தது. குழந்தை அப்போது ரேடியோ வயரைப் பிடித்து இழுத்தது. என் மனைவி வந்து தூக்கிக்கொண்டு போனாள். நான் கேட்கவில்லை. மஸ்தான் கிட்டாரைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

கடைசியில்

நானும் மாமாவும் மட்டும் பாயில் இருந்தோம். மஸ்தானின் கைலியிலிருந்து உதிர்ந்த சிவப்புத் தூள் பாயில் கிடந்தது. மாமா விரலால் அதை ஒன்றாகக் கூட்டினார்.

"ஆவடில சர்ச்சுல வாசிக்கிற ஒருத்தரு கிட்டாரப் பாத்துதான் அளவு எட்த்தேன். பின்னாடி ஸ்க்ரூ இன்னாத்துக்குன்னு கேட்டேன். வாசிக்கிறவன் அவன் காதுக்கு ஏத்தா மாரி தள்ளி வச்சிக்குவான்னாரு. அதான் உன்கிட்ட சொன்னேனே, மிச்சம் உன் கையிலன்னு."

"ஒவ்வொரு தபா வரும்போதும் பாப்பேன். பொட்டு அப்டியே கீது. ஒரு ஸ்க்ரூகூட நீ திருப்பல." தூளைப் பார்த்தபடியே சொன்னார்: "எண்ணெக் கை செஞ்சது தானே, அதுல போயி இன்னாத்துக்குக் கை வெக்கணும்னு நீ உட்டுட்டன்னு நெனச்சிக்கினேன்."

அவர் மனது நோகக் கூடாது என்று நான் தொடாமல் இருந்தேன். நான் தொடாமல் இருந்ததே அவர் மனதை நோகவைத்திருந்தது. ஒரே ஒரு தடவை, மாமா, மேலே சுருதி சேரவில்லையே என்று சொல்லியிருந்தால் போதும். திருப்புளியை அவரே எடுத்துக் கொடுத்திருப்பார். அதைச் சொல்லத்தான் அன்று வாயைத் திறந்தேன். அக்கா இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டாள்.

மாமா எழுந்து கொல்லைப்பக்கம் போனார். கையலம்பினார். நான் பின்னால் நின்றேன். சோப்புப் போட்டு இன்னொரு முறை அலம்பினார்.

அவர் போய்ப் பதினோரு வருஷமாகிறது. எந்தச் செலவையும் நான் எண்ணாமல் விட்டதில்லை. இதையும் எண்ணி வைத்திருக்கிறேன். கிட்டார் வாங்கியது முந்நூற்று எண்பது, விற்றது முந்நூறு. அந்தப் பித்தளைக்கும், லேத்துக்கும், ஆறு வாரச் சாயங்காலங்களுக்கும் மாமாவுக்கு எவ்வளவு ஆயிற்று என்று மட்டும் நான் கேட்டதே இல்லை. அதைச் சேர்க்காமல், எண்பது ரூபாய்.